பேச்சு வழக்கு

அசிமினா தன் மகனைப் புதைத்த அன்று சொல்லி அழுதது மொத்தம் பன்னிரண்டு விநாடி. "நானே உன்னைத் தின்னேனே ஸீஸி, என் கையால எடுத்துக் குடுத்துத் தின்னேனே." கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்ற லாம்ப்ரோஸ் என்ற தொலைக்காட்சிக்காரன், நீளக் கழியில் மைக்கைக் கட்டி மதிலுக்கு மேலே நீட்டி அதைப் பிடித்தான். அன்று மாலைச் செய்தியில் ஒருமுறை போட்டார்கள். மறுநாள் காலை நிகழ்ச்சியில் பதினேழு முறை போட்டார்கள். திரைக்கு அடியில் சிவப்புப் பட்டையில் "கல்லறையில் ஒப்புதல் வாக்குமூலம்" என்று ஓடியது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த கிரேக்க தேசத்துக்கு அவல் கிடைத்துவிட்டது.

தொலைக்காட்சி வண்டி அங்கே வந்து நின்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மகன் ஸீஸிஸுக்கு இருபத்தாறு வயது. 'பிழைத்திருப்பாய்' என்று அந்தப் பெயருக்குப் பொருள். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் வைத்தது. அக்டோபரில் ஒரு நாள் பருத்தி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், தொண்டை காய்கிறது என்று சீப்புரோ கேட்டான். திராட்சைச் சக்கையில் காய்ச்சுகிற சாராயம் அது. தெசலிச் சமவெளியில் அது இல்லாத வீடு கிடையாது. தாய் உள்ளே போய்ச் சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். ஒரே மடக்கில் ஒரு கிளாஸ் குடித்தான். பாட்டிலில் இருந்தது களைக்கொல்லி. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிச் செத்தான். அதற்கு முந்தின வாரம்தான், நிலத்தை விற்றுவிட்டு ஜெர்மனிக்குப் போகிறேன் என்று அவன் சொல்ல, தாயும் மகனும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்றாம் வாரம் அசிமினாவைக் கொலைக் குற்றத்துக்குக் கைது செய்தார்கள்.

அவளுடைய தங்கை மோர்ஃபோ ஜில்லாத் தலைநகரில் இருந்த வக்கீல் எவாந்தியாவைத் தேடி வந்தாள். எவாந்தியாவுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடமாகக் குற்ற வழக்குகள்தான். திருட்டு, கத்திக்குத்து, வரி கட்டாத புகையிலை என்று அவள் பார்த்ததெல்லாம் யாரும் எட்டிப் பார்க்காத வழக்குகள். தொலைக்காட்சியில் உட்கார்ந்து வழக்காடுகிற வக்கீல்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சட்டத்தை விடத் தலைமுடிக்கு அதிக நேரம் செலவழிக்கிறார்கள் என்பாள்.

சிறையில் முதல் சந்திப்பிலேயே, கேட்காமலே, அசிமினா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஐம்பத்தாறு வயது, பருத்திச் செடி கீறிக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். எல்லை தாண்டி வந்த, பெயர்ச் சீட்டு ஒட்டாத மருந்து. நிறமும் இல்லை. கேன் ஒழுகியதால் மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தவள் அவள்தான். அந்தப் பக்கத்தில் எல்லாமே தண்ணீர் பாட்டிலில்தான் இருக்கும். சாராயம், ஆலிவ் எண்ணெய், கோயில் தீர்த்தம், களைக்கொல்லி எல்லாம். எது எது என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். அவள் நினைப்புதான் சீட்டு. அன்றைக்கு அந்த நினைப்பு ஒரு பாட்டில் தள்ளிப்போயிற்று.

எவாந்தியா நோட்டை மூடினாள்.

"அசிமினாக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. இதை இனிமே யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பக்கத்துல படுக்கறவகிட்டயும் கூடாது, பாதிரியார்கிட்டயும் கூடாது."

வேறு சமயமாக இருந்திருந்தால் உண்மையைச் சொல்லிக் கவனக்குறைவு என்று வாதாடி, சில வருடத்தோடு முடித்திருக்கலாம். இப்போது நாடு முழுக்க அந்தப் பன்னிரண்டு விநாடியை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பாட்டிலில் ஊற்றியவளும் இவள், எடுத்துக் கொடுத்தவளும் இவள், தின்றேன் என்று கத்தியவளும் இவள் என்று ஆகிவிட்டால், நடுவில் கவனக்குறைவு என்ற சொல்லை நுழைக்க இடமே இருக்காது. ஆயுள்தான். ஸீஸிஸும் அந்தப் பருத்திக் காட்டில் வேலை செய்தவன். பாட்டிலில் இருவர் கைரேகையும் இருந்தது. யார் ஊற்றினார்கள் என்று தெரியாது என்பதில்தான் வழக்கு நிற்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பது எவாந்தியாவின் தொழிலில் முதல் பாடம்.

அசிமினா தலையாட்டினாள். பிறகு, ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்றாள். மூன்றாம் வருடம் மகனைத் தோண்டி எடுக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும்.

மூன்று வருடம் ஆனதும் எலும்பை எடுத்துத் திராட்சை மதுவில் கழுவி, வெயிலில் உலர்த்திப் பெட்டியில் வைத்து, எலும்பு வீட்டில் அடுக்குவது அங்கே வழக்கம். கழுவுவது தாயின் வேலை. பெட்டியை மூடினால் மூடியதுதான். மறுபடி திறந்தால் செத்தவனுக்கு உறக்கம் கெடும் என்பார்கள். செத்தவன் வெளிச்சத்தில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்வது அவனுக்குக் கேட்கும் என்று அசிமினா நம்பினாள்.

"பாட்டில் விஷயத்த அவன்கிட்ட சொல்லணும் வக்கீலம்மா. அவனுக்குத் தெரியாதுல்ல. பக்கத்து வீட்டுக்காரன் காய்ச்சின சரக்கு கெட்டுப்போச்சு போலம்மா, நீ குடிச்சிராதன்னு எனக்குச் சொல்லிக்கிட்டேதான் ஆஸ்பத்திரி வண்டியில ஏறுனான். அப்புறம் வாயில குழாயச் சொருகிட்டாங்க."

புதைத்த அன்று சொன்னீர்களே என்று எவாந்தியா கேட்டாள்.

"அது அழுகைல சொல்றதும்மா, எல்லாருந்தான் சொல்வாங்க. நான் நெசமாத்தான் சொன்னேன், ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லல. அது அவன் முகத்தப் பாத்துச் சொல்லணும்."

ஏற்பாடு செய்கிறேன் என்று எவாந்தியா வாக்குக் கொடுத்தாள். வக்கீல் கொடுக்கக் கூடாத வாக்கு அது. அன்றைக்கு அவளால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு, வேண்டாம் வேண்டாம் என்றிருந்தவள் தொலைக்காட்சிக்குப் போனாள். வேறு வழியில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நான்கு பொதுமக்கள் நடுவர்களாக உட்காரப் போகிறார்கள், அந்த நான்கு பேரும் காலையில் காப்பி குடித்துக்கொண்டு இதைத்தானே பார்க்கிறார்கள்? போய்ப் பார்த்தால் அவளுக்கு அது கைவந்த கலையாக இருந்தது. 'தின்பது' என்ற சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடினாள். "கால்பந்துல நடுவர் நம்ம அணியைத் தின்னுட்டார்னு சொல்றோம், அவர் வயித்தைக் கிழிச்சா பார்க்கிறோம்? என் தலையைத் தின்னாதேங்கிறோம். செல்லக் குழந்தையைத் தின்னுடுவேன்னு கொஞ்சறோம். இந்த நாட்டு அம்மாக்கள் தினம் ரெண்டு வேளை பிள்ளையைத் தின்கிறவங்கதான்." நிகழ்ச்சி நடத்துகிறவள் வாய்விட்டுச் சிரித்தாள். அரங்கமே சிரித்தது. மறுநாள் அந்தத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது.

அடுத்த வாரம் சிறைக்குப் போனபோது, டிவியில் பார்த்தேன், நன்றாகப் பேசினீர்கள் என்று அசிமினா சொன்னாள். எங்கள் அறையில் எல்லாரும் சிரித்தார்கள் என்றும் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. அதனால் எவாந்தியா அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

பதினெட்டு மாதத்துக்கு மேல் விசாரணைக் கைதியாக வைக்கச் சட்டம் இடம் தராது. அசிமினாவை வெளியே விட்டார்கள், ஆனால் சாட்சிகள் இருக்கிற ஊர் என்பதால் அவள் சொந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று நிபந்தனை. நகரத்தில் தங்கை வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் மகனின் கல்லறை. போகவில்லை.

மூன்றாம் வருடம் செப்டம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. மூன்று நீதிபதிகள், நான்கு பொதுமக்கள், அவர்களோடு அதே மேடையில் அரசு வக்கீல். அந்த உயரத்தில் உட்கார்ந்து பேசினால் குற்றச்சாட்டும் தீர்ப்பு மாதிரியேதான் கேட்கும். அவர் எழுந்து பன்னிரண்டு விநாடியை ஓடவிட்டார். அது முடிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

எவாந்தியா அந்த ஊரிலிருந்து ஐந்து பெண்களைச் சாட்சிக்கு அழைத்திருந்தாள். கறுப்புடை போட்ட ஐந்து பேரையும் ஒரே கேள்விதான் கேட்டாள்: உங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது என்ன சொல்லி அழுதீர்கள்? 'நானே தின்னேன்' என்று ஐவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நாலாவது ஆள் கொஞ்சம் வாய்க்காரி. உங்கள் கணவரை நீங்கள் தின்றீர்களா என்று தலைமை நீதிபதி கேட்டதற்கு, "எங்க ஐயா! நாப்பது வருஷமாக் குடிச்சுக் குடிச்சு அவன்தான் என்னைத் தின்னான். செத்தன்னிக்கு நான் தின்னேன்னு அழுதேன். அப்படி அழுதாத்தான மரியாதை?" என்றாள். நீதிமன்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நடுவர்களாக உட்கார்ந்த நான்கு பேரும் சிரித்ததை எவாந்தியா பார்த்தாள். வழக்கு கைக்கு வந்துவிட்டது என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் அசிமினா இருந்த கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க மறந்தாள்.

மிச்சம் இருந்தது அசிமினாவின் வாக்குமூலம். சாட்சிகள் முடிந்தபின் குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து பேச வேண்டும். அவளுக்காக எவாந்தியா இரண்டே வாக்கியம் தயாரித்திருந்தாள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லி அழுவார்கள் என்பது முதலாவது. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்பது இரண்டாவது. மோர்ஃபோ வீட்டுச் சமையலறையில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார்கள். முதல் வாக்கியத்தை அசிமினா தடங்கலில்லாமல் சொன்னாள். இரண்டாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அர்த்தம் இருக்கே வக்கீலம்மா."

"இருக்கட்டும்க்கா. நீங்க இல்லைன்னு சொன்னா உங்க புள்ளையோட எலும்பை நீங்க கழுவலாம். இருக்குன்னு சொன்னா வேற யாராவது கழுவுவாங்க."

இரக்கமில்லாத பேச்சுதான். எவாந்தியாவுக்கும் அது தெரியும். ஆனால் அது வேலை செய்தது. நீதிமன்றத்தில் அசிமினா எழுந்து நின்று இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். தலைமை நீதிபதி விடவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, ஒரு அர்த்தமும் இல்லையா, மகனைப் புதைக்கும்போது சொன்னதற்கா என்று கேட்டார்.

"இல்லைங்க. வெறும் பேச்சு," என்றாள் அசிமினா. இந்த 'வெறும் பேச்சு' எவாந்தியா எழுதிக் கொடுக்காதது. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

நான்குக்கு மூன்று என்று விடுதலை ஆயிற்று. நீதிபதிகள் மூவரும் குற்றவாளி என்றார்கள். பொதுமக்கள் நால்வரும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார்கள். வாசலில் இருபது மைக்குகள் எவாந்தியாவைச் சூழ்ந்தன. அவள் நன்றாகவே பேசினாள். ஐந்தாம் நாள் அரசு வக்கீல் மேல்முறையீடு செய்தார். ஆக, இன்னொரு நீதிமன்றம், இன்னொரு வருடம். அதுவரை அசிமினாவின் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லும் மறுபடி சாட்சி.

மகனை எடுக்கிற நாள் அக்டோபர் பதினாறு என்று பாதிரியார் ஏற்கெனவே குறித்திருந்தார். ஊர் எல்லைத் தடை போய்விட்டாலும் அதுவரை அசிமினா கல்லறைப் பக்கம் போகவில்லை. தீர்ப்பு வந்த நாளிலிருந்து தங்கை வீட்டு வாசலில் தொலைக்காட்சி வண்டி நின்றது. பதினாறாம் தேதி காலை எவாந்தியா தன் காரில் அவளையும் மோர்ஃபோவையும் அழைத்துப் போனாள். வக்கீலுக்கு அங்கே வேலை இல்லை. கொடுத்த வாக்கு நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

மதிலோரமாக ஊர்ப் பெண்கள் எட்டு பத்து பேர் நின்றார்கள். குழி வெட்டுகிறவர் சவப்பெட்டிப் பலகை வரைக்கும் மண்ணை அள்ளிவிட்டு மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார். முதலில் தலைதான் வெளியே வரும். அதை வெள்ளைத் துணியில் ஏந்தி, குனிந்து, அசிமினாவிடம் நீட்டினார். மெழுகு மாதிரி மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. நல்ல எலும்பு என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். கறுத்திருந்தால் பாவம் என்பார்கள். இவன் ஒரு பாவமும் செய்யாதவன்.

அசிமினா அதை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் முத்தமிட்டு, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அழவில்லை. சமையலறையிலிருந்து கூடத்தில் இருக்கிறவனிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஸீஸி, அம்மாடா. அன்னிக்கு அந்த பாட்டில் இருக்குல்ல, அது..."

எவாந்தியா நிமிர்ந்தாள். மதிலுக்கு மேலே அந்த நீளக் கழி எழும்பி, நுனியில் மயிர் உறை போட்ட மைக்கோடு, அசிமினாவின் தலைக்கு மேலே மெதுவாக வந்து நின்றது. எவாந்தியா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று பின்னால் ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். இருபது வருடத் தொழில் அவள் கையை முந்திக்கொண்டு போயிற்று. ஒரு எட்டில் பக்கத்தில் போய், அசிமினாவின் வாயை உள்ளங்கையால் பொத்தி, காதோடு சொன்னாள்.

"இப்போ வேணாம்க்கா. அப்பீல் இருக்கு."

அசிமினா திமிறவில்லை. மூன்று வருடமாகப் பழக்கிய வாய். சொன்னதும் மூடிக்கொண்டது.

எவாந்தியா வாசலுக்கு ஓடிப்போய் லாம்ப்ரோஸிடம் கொஞ்ச நேரம் தள்ளிப் போகச் சொன்னாள். அவன் மரியாதையாகத்தான் பேசினான்: இது பொதுச் சாலை மேடம், எனக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், நீங்களே எத்தனை தடவை எங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறீர்கள். அவள் கெஞ்சினாள். நீதிபதியிடம்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, கழியை இறக்கவில்லை.

திரும்பி வந்தபோது மோர்ஃபோவுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஒப்பாரி வைத்தால், அந்தச் சத்தத்தில் அக்கா தன் மகனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம். அவள் ஆரம்பித்தாள். பெண்கள் கூடவே எடுத்தார்கள். பாட்டு இரண்டு அடி போயிற்று. மூன்றாம் அடியில் 'தின்னேன்' என்ற அந்தச் சொல் வர வேண்டும். வாய்க்காரி உட்பட எல்லாரும் அங்கே வந்ததும் நின்றுவிட்டார்கள். நீதிமன்றத்தில் எல்லாரும் சிரித்த சொல் அது. ஒருத்தி எவாந்தியாவைப் பார்த்தாள், ஒருத்தி மதிலைப் பார்த்தாள். அப்புறம் யாரும் பாடவில்லை.

அசிமினா வாயைத் திறக்காமல் கழுவினாள். தலையை, தோள் எலும்பை, விலாவை, விரல்களை ஒவ்வொன்றாக மதுவில் நனைத்துத் துடைத்துத் துணியில் பரப்பினாள். ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மகனையும் எவாந்தியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை அனுமதி கேட்கிற மாதிரி பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எவாந்தியா மேலே பார்த்தாள். கழி அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் தலையை இல்லை என்று ஆட்டினாள். ஒரே ஒரு தடவை ஆமாம் என்று ஆட்டியிருக்கலாம். ஆயுள் தண்டனையே வந்தாலும் அந்தத் தாய் சம்மதித்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஜெயித்த வழக்கை விட மனம் வரவில்லை.

பாதிரியார் வந்து ஜெபித்தார். எலும்புகளைப் பெட்டியில் வைத்தார்கள். தலையைக் கடைசியாக அசிமினாவே வைத்தாள். மூடியை அழுத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, எலும்பு வீட்டில் பெயர் எழுதிய தட்டில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள்.

காரில் மோர்ஃபோ பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அசிமினா முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் மது வாசனை. சாலையின் இருபுறமும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் எல்லை தாண்டி, தொலைக்காட்சி வண்டி பின்னால் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டு, எவாந்தியா காரை ஓரமாக நிறுத்தினாள்.

"இப்போ பேசலாமா வக்கீலம்மா?" என்று அசிமினா கேட்டாள்.

"பேசுங்கக்கா. இங்க யாரும் இல்லை. என்ன வேணும்னாலும் பேசுங்க."

அசிமினா வாயைத் திறந்தாள். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள், பிறகு பின்னால் திரும்பி வந்த வழியைப் பார்த்தாள்.

"பெட்டிய மூடியாச்சே," என்றாள்.